ரஹீம் சாஹிபும் நம் இடது காலும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா என்று மாணவர் மன்றச் செயலாளர் அண்ணன் கேட்டார். எனக்குக் கவிதை வராது. துணுக்கும் வராது. வேண்டுமானால் பந்தைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். பந்தோ பம்பரமோ, நாலு பக்கத்துக்குக் குறையாமல் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படி வந்ததுதான் இது.

நம்ம ஹாஸ்டலில் சனிக்கிழமை ராத்திரி ஆனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு செல்போனைச் சுற்றிப் பதினைந்து தலை. ஒரு பக்கம் மான்செஸ்டர் யுனைடெட் கோஷ்டி, இன்னொரு பக்கம் ஆர்சனல் கோஷ்டி, மூலையில் லிவர்பூல் பசங்க இரண்டு மூன்று பேர். 1998-99 பருவத்தில் மான்செஸ்டர் யுனைடெட் லீக், எஃப்.ஏ. கோப்பை, ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒன்றாக வாங்கியதை, அப்போது பிறந்தே இராத பசங்க நேரில் பார்த்த மாதிரி சொல்வார்கள். 2003-04 பருவத்தில் ஆர்சனல் லீக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லையே என்று அடுத்தவன் எழுந்து நிற்பான். தெர்மல் பேப்பருக்கு ஃபார்முலா ஞாபகம் வராது. இது மட்டும் வரும்!

ஒருநாள் நான் சும்மா இருக்காமல் ஒரு கேள்வி கேட்டேன். பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து வாங்கிய அணி எது? ஒருத்தன் மோகன் பகான் என்றான். இன்னொருத்தன் ஈஸ்ட் பெங்கால் என்றான். இரண்டும் இல்லை, ஹைதராபாத் சிட்டி போலீஸ் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். லத்தி பிடிக்கிறவன் எங்கே பந்து ஆடினான் என்று கேட்டார்கள்.

அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் சையத் அப்துல் ரஹீம் என்ற ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கதையை எழுதுகிறேன். 2024-இல் அவரைப் பற்றி மைதான் என்று ஓர் இந்திப் படம்கூட வந்தது. அதைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. நான் படம் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்க தாத்தா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

தாத்தாவும் தங்கராஜும்

அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் தாத்தா உட்கார்ந்திருப்பார். மிலிட்டரியில் இருந்தவர். நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டரில் பயிற்சி எடுத்தவர். அந்த சென்டர் அணிதான் 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வாங்கியது. டூரண்ட் என்பது 1888-இல் சிம்லாவில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காக ஆரம்பித்த போட்டி. நம் நாட்டில் அதைவிடப் பழைய கால்பந்துப் போட்டி கிடையாது.

அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். ஆறடிக்கு மேல் உயரம். ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்தவர். முதலில் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்து, அப்புறம் கோல்கீப்பராக மாறியவர். தங்கராஜ் ஒரு முனையிலிருந்து பந்தை உதைத்தால் மறுமுனைக்காரன் பின்னால் ஓட வேண்டும் என்று தாத்தா கையை விரித்துக் காட்டுவார். பேச்சு தங்கராஜில் ஆரம்பித்தாலும் ரஹீம் சாஹிபில்தான் முடியும். எவ்வளவு பெரிய கோல்கீப்பராக இருந்தாலும் அவர் முன்னால் பள்ளிக்கூடத்துப் பையன்தான் என்பார்.

இப்போது தாத்தா இல்லை. அவர் சொன்னதை வைத்துக்கொண்டு, பிறகு நான் தேடிப் படித்துச் சரிபார்த்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

டிப்ளமா வாங்கிய வாத்தியார்

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17-ஆம் தேதி ஹைதராபாத்தில் பிறந்தார். அப்போது அது நிஜாம் ஆட்சி. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பி.ஏ. படித்தார். காச்சிகுடா பள்ளியில் ஆசிரியரானார். பிறகு வேறு சில பள்ளிகளிலும் பாடம் நடத்தினார். சாயங்காலம் ஆனால் பந்து. உள்ளூர் லீக்கில் நல்ல பெயர் வாங்கியிருந்த கமர் கிளப்புக்கு ஆடினார்.

இங்கே ஒரு விஷயத்தை நம் பசங்க கவனிக்க வேண்டும். பட்டம் வாங்கி வாத்தியாராக இருந்த மனிதர், அதற்குப் பிறகுதான் போய் உடற்கல்வியில் டிப்ளமா படித்தார். பி.இ. கிடைக்கவில்லை, அதனால் டிப்ளமா என்று கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் கேட்கும்போது தலை குனிகிறோமே, இவர் மேலே இருந்து இறங்கி வந்து டிப்ளமா வாங்கினார். ஏன் என்றால் அவருக்கு வேண்டிய தொழில் அதில்தான் இருந்தது. அதற்குப் பிறகு பள்ளியில் விளையாட்டுப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

1943-இல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளரானார். சாகும்வரை கால்பந்து நிர்வாகத்தை விடவில்லை. 1950-இல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குப் பயிற்சியாளரானார். கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது.

காக்கி அணியின் பருவங்கள்

அந்தக் காலத்துக் கால்பந்தின் தலைநகரம் கல்கத்தா. 1911-இல் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வாங்கியது. அன்றிலிருந்து பந்து என்றால் வங்காளம்தான். பணம், கூட்டம், பத்திரிகை எல்லாம் அங்கே. தெற்கில் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி 1937-இல் ரோவர்ஸ் கோப்பையை வென்றதுபோல அங்கொன்று இங்கொன்று வெற்றி வரும், போகும்.

இந்த நிலைமையில்தான் ஒரு போலீஸ் அணி வருகிறது. அரசாங்கச் சம்பளத்தில் இருக்கிற ஆட்கள். நட்சத்திரம் என்று சொல்லி விலை கொடுத்து யாரையும் வாங்க முடியாது. இருக்கிற ஆளை வைத்துத்தான் ஆட வேண்டும். பயிற்சி கொடுக்கிறவரோ வாத்தியார்.

1950-ஆம் வருஷம் ரோவர்ஸ் கோப்பை. அதே பருவத்தில், யுத்தம், பிரிவினை என்று பத்து வருஷம் நடக்காமல் இருந்த டூரண்ட் கோப்பை மறுபடி தொடங்கியது. இறுதியில் மோகன் பகானை வென்று அதையும் கொண்டுபோனார்கள். 1951, 1952, 1953, 1954 என்று ரோவர்ஸ் கோப்பை ஹைதராபாத்தை விட்டு நகரவே இல்லை. 1954-இல் டூரண்டும் சேர்ந்தது. 1957-இல் மறுபடி இரண்டு கோப்பையும். நடுவில் 1956-லும் 1957-லும் ஹைதராபாத் மாநில அணி சந்தோஷ் கோப்பையை வென்றது. மாநிலம் பிரிந்து ஆந்திரப் பிரதேசம் ஆனபின் அணியின் பெயர் ஆந்திரா போலீஸ் என்று மாறியது. அந்தப் பெயரில் 1960-இல் ரோவர்ஸ், 1961-இல் டூரண்ட். 1962-இல் ரோவர்ஸ் கோப்பையை ஈஸ்ட் பெங்காலோடு பகிர்ந்துகொண்டார்கள்.

மான்செஸ்டர் கோஷ்டி தயவுசெய்து எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வருஷத்தில் எட்டு ரோவர்ஸ், நான்கு டூரண்ட். நூர் முகமது, அஜீஸ் என்று அந்த அணியிலிருந்து வரிசையாக இந்திய அணிக்குப் போனார்கள். செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் ஒரு ஏழைக் குடும்பத்துப் பையன் துளசிதாஸ் பலராம். அவரையும் வளர்த்து எடுத்தது ரஹீம்தான்.

வெறுங்கால்

நம் ஊருக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. பௌர்ணமி அன்று எங்கள் அடி அண்ணாமலை வழியாக எத்தனை லட்சம் வெறுங்கால் போகிறது என்று சொல்லவே வேண்டாம். பதினாலு கிலோமீட்டர். செருப்புப் போட்டு மலை சுற்றினால் பாட்டி திட்டும். வெறுங்காலில் நடப்பது எங்களுக்குப் பெருமை. அந்தப் பழக்கத்திலேயே பந்தும் ஆடினோம். பூட்ஸ் போட்டால் பந்து காலுக்குத் தெரியவில்லைடா என்று நானே சொல்லியிருக்கிறேன்.

இந்திய அணியும் இதையேதான் சொன்னது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் ஆட்டக்காரர்கள் பெரும்பாலோர் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்து ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். கிடைத்த இரண்டு பெனால்டியையும் விட்டார்கள். 1-2 என்று தோல்வி. ஆனாலும் லண்டன் கூட்டம் கைதட்டியது. நமக்கும் தலை நிமிர்ந்துவிட்டது. 1951-இல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டு. பயிற்சியாளர் ரஹீம். இறுதியில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம். மேவாலால் கோல். அப்போதும் வெறுங்கால்தான் பெருமை.

அடுத்த வருஷமே ஹெல்சின்கி. குளிர். ஈரத் தரை. எதிரே யூகோஸ்லாவியா. 1-10. ஆமாம், பத்து! பயிற்சியாளர் அதே ரஹீம்தான். ஐந்து வருஷம் ரோவர்ஸ் வாங்கினார் என்று எழுதுகிற கை இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் நம் நாட்டில் பூட்ஸ் கட்டாயமானது.

பத்து கோல் வாங்கின மனிதர் என்ன செய்திருக்கலாம்? தரையைச் சொல்லலாம், குளிரைச் சொல்லலாம், ஐரோப்பாக்காரன் சாப்பாட்டைச் சொல்லலாம். போலீஸ் அணி ஜெயித்துக்கொண்டே இருந்ததால் அதோடு திருப்திப்பட்டும் இருக்கலாம். அவர் திரும்பிப் போய்ப் பையன்களை மறுபடி முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தார்.

பாரம் எங்கே விழுகிறது?

மெக்கானிக்கல், சிவில் பசங்களுக்கு இந்தப் பகுதி எளிதாகப் புரியும். அந்தக் காலத்தில் நம் ஊரில் பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று, முன்னால் ஐந்து என்று நிறுத்துவார்கள். பாரம் முழுக்க முன்பக்கம். பின்பக்கம் இரண்டே தூண். எதிரி வேகமாக வந்தால் கூரை சரியும்.

இங்கிலாந்தில் இந்தக் கணக்கை மாற்றிப் பெயர் வாங்கியவர் ஆர்சனலின் ஹெர்பர்ட் சாப்மன். ஆர்சனல் கோஷ்டிக்கே இது தெரியுமோ என்னவோ, அவர் ஷெஃபீல்டு தொழில்நுட்பப் பள்ளியில் சுரங்கப் பொறியியல் படித்தவர். நம்ம ஜாதி! 1925-இல் ஆஃப்சைடு விதி மாறியதும், நடுவில் இருந்த ஒருவரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது தூணாக நிறுத்தினார். 1930-31, 1932-33 பருவங்களில் ஆர்சனலுக்கு லீக் பட்டம். அடுத்த பருவத்தின் நடுவில், 1934 ஜனவரியில், இறந்துபோனார். அவர் கட்டிய அணி அந்தப் பருவமும் அதற்கடுத்த பருவமும் பட்டம் வாங்கியது.

சாப்மனிடம் ஆர்சனலின் பணம் இருந்தது. ரஹீமிடம் போலீஸ் சம்பளம்தான். ஆனால் இருவருக்கும் கண் ஒரே இடத்தில் இருந்தது. பாரம் எங்கே விழுகிறது, எங்கே தாங்கவில்லை என்று பார்க்கிற கண். முன்வரிசையில் ஒருவரைக் கொஞ்சம் பின்னால் இழுத்து ஆடவைத்துப் பார்த்தார். பிறகு நான்கு, இரண்டு, நான்கு என்று நிற்கிற முறையை இந்திய அணிக்குக் கொண்டுவந்தார். பிரேசில் 1958-இல் உலகக் கோப்பையை வென்றது அந்த முறையில்தான். பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டாதே, ஒரு தொடுதலில் அடுத்தவனுக்குக் கொடு, கொடுத்துவிட்டு ஓடு என்பதுதான் அவர் பாடம்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் நடத்திய போட்டிகள். ஒரு போட்டியில் டிரிபிளிங் கூடாது. பந்தை உருட்டிக்கொண்டு ஆளைத் தாண்டினால் தப்பு. இன்னொன்று குறிப்பிட்ட உயரத்துக்குள் இருக்கிற பையன்களுக்கு மட்டும். மூன்றாவதுதான் விசேஷம். பலவீனமான காலால் மட்டும் ஆட வேண்டும். வலது கால்காரன் இடது காலால்தான் உதைக்கணும். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் பின்னால் சொல்கிறேன்.

மெல்போர்ன், ரோம்

1956 மெல்போர்ன் ஒலிம்பிக். முதல் சுற்றில் எதிரே வரவேண்டிய ஹங்கேரி விலகிக்கொண்டது. அடுத்து, சொந்த மண்ணில் ஆடிய ஆஸ்திரேலியா. 4-2 என்று நம்மவர்கள் வென்றார்கள். நெவில் டிசூசா மூன்று கோல். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் போட்ட முதல் ஆசியர் அவர். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணியும் இந்தியாதான். அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியா. முதல் கோல் போட்டது நாம். அப்புறம் 1-4. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3. நான்காம் இடம். பத்து கோல் நாலாகக் குறைய நாலு வருஷம் ஆனது. பதக்கம் இல்லாததால் இதை யாரும் கொண்டாடுவதில்லை. ஆனால் ஒரு வாத்தியாருக்கு இதைவிட நல்ல முன்னேற்ற அறிக்கை கிடையாது.

1960 ரோம் ஒலிம்பிக். ஹங்கேரியிடம் 1-2 தான் தோல்வி. அந்த ஹங்கேரி கடைசியில் வெண்கலம் வாங்கியது. பிரான்சோடு 1-1. பி.கே. பானர்ஜி கோல் போட்டு நாம் முன்னால் இருந்தோம், கடைசியில் பிரான்ஸ் சமன் செய்தது. பெருவிடம் 1-3. முதல் சுற்றோடு திரும்பினார்கள். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா ஆடியது அதுதான் கடைசி. அதற்குப் பிறகு இன்றுவரை போகவில்லை. அந்த ரோம் அணியில் ரஹீமின் மகன் ஹக்கீமும் இருந்தார். பின்னாளில் அவர் சர்வதேச நடுவராகப் பெயர் எடுத்தார்.

ஜகார்த்தா

1962 ஆசிய விளையாட்டு, இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அந்த நாடு விசா கொடுக்கவில்லை. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்று சொல்லக்கூடாது என்று இந்தியாவின் ஒலிம்பிக் பிரதிநிதி ஜி.டி. சோந்தி எதிர்த்தார். அவ்வளவுதான், ஊர் கொதித்துவிட்டது. இந்தியத் தூதரகத்தின் மேல் கூட்டம் பாய்ந்தது. மைதானத்தில் இந்தியா என்றாலே ஊளை.

முதல் ஆட்டமே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றார்கள். ஆனால் அதில் பின்வரிசையின் தூணான ஜர்னைல் சிங் தலை உடைந்து ஆறு தையல். ஜப்பானை 2-0 என்று வென்றாகிவிட்டது. அரையிறுதிக்கு ஆள் பற்றாக்குறை. தையல் போட்ட தலையோடு பின்வரிசையில் நிற்பது ஆபத்து. ரஹீம் ஒரு கணக்குப் போட்டார். ஜர்னைல் சிங் கல்லூரி நாளில் முன்வரிசையில் ஆடியவர். அவரை முன்னால் நிறுத்திவிட்டார்! தென்வியட்நாமை 3-2 என்று வென்றதில் ஜர்னைலும் ஒரு கோல் போட்டார்.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். ஒரு லட்சம் பேர் கூட்டம். எதிரே முதல் நாள் தோற்கடித்த அதே தென்கொரியா. அதுவரை கோலில் நின்றவர் பிரத்யுத் பர்மன். தங்கராஜ் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தார். கொரியாக்காரர்கள் உயரப் பந்தாக அனுப்புவார்கள், உயரமான ஆள் வேண்டும் என்று இறுதிக்குத் தங்கராஜைக் கூப்பிட்டார் ரஹீம். எங்க தாத்தா இந்த இடம் வரும்போது திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

17-ஆவது நிமிடம் பி.கே. பானர்ஜி. 20-ஆவது நிமிடம் தையல் போட்ட தலையோடு ஜர்னைல் சிங். கொரியா ஒரு கோலைத் திருப்பியபோது ஆட்டம் முடிய ஐந்து நிமிடம்தான் இருந்தது. 2-1. தங்கம். அத்தனை ஊளைக்கும் நடுவே நமக்காகக் கைதட்டியது, முந்தின நாள் ஹாக்கி இறுதியில் நம்மைத் தோற்கடித்த பாகிஸ்தான் ஹாக்கி அணி என்று அன்றைய ஆட்டக்காரர்கள் பின்னால் சொல்லியிருக்கிறார்கள். விளையாட்டு என்றால் அதுதான் தோழர்களே!

கேப்டன் சுனி கோஸ்வாமி மேடையில் நின்றார். பயிற்சியாளருக்கு மேடையில் இடம் கிடையாது, பதக்கமும் கிடையாது. அன்றைக்கு ரஹீமின் உடம்புக்குள் புற்றுநோய் இருந்தது. சில மாதங்களில் படுக்கையில் விழுந்தார். 1963 ஜூன் 11-ஆம் தேதி இறந்தார். வயது 53.

பிறகு என்ன ஆச்சு? 1964 ஆசியக் கோப்பையில் ஹாரி வ்ரைட் என்ற ஆங்கிலேயர் பயிற்சியில் இந்தியா இரண்டாம் இடம். 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம். அதன் கேப்டன் நயீமுதீன் ஹைதராபாத்காரர். அத்தோடு சரி. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இன்றுவரை மூன்றாவது தங்கம் வரவில்லை. கிடைத்த இரண்டும், 1951-உம் 1962-உம், ரஹீம் காலத்துத் தங்கம்தான். போலீஸ் அணி 1963-இல் இன்னொரு ரோவர்ஸ் வாங்கியது. பிறகு மெல்ல மங்கிவிட்டது. ரோவர்ஸ் கோப்பையே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தோடு நின்றுபோனது. சிறந்த பயிற்சியாளர்களுக்கு அரசு கொடுக்கிற துரோணாச்சாரியார் விருது 1985-இல்தான் வந்தது. வாத்தியார் அதற்கு இருபத்திரண்டு வருஷம் முன்னாலேயே போய்விட்டார்.

என் இடது கால்

இப்போது என் கதை. போன வருஷம் பாலிடெக்னிக்குகளுக்கு இடையிலான போட்டியில் நாம் எப்படித் தோற்றோம் என்று பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு நானே சொல்கிறேன். ஸ்கோர் 1-1. கடைசி நிமிடம். கோல்கீப்பர் கீழே விழுந்து கிடக்கிறான். பந்து என் இடது பக்கம் வந்து நிற்கிறது. இடது காலால் தள்ளினால் கோல். நான் என்ன செய்தேன்? வலது காலுக்குப் பந்தை மாற்றப் பார்த்தேன். அதற்குள் ஒருத்தன் வந்து அடித்துவிட்டான். அந்தப் பந்திலேயே அவர்கள் திருப்பி வந்து கோல் போட்டார்கள்.

நம் கேப்டன் அண்ணனுக்கு அது கடைசி வருஷம். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவர் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு வரும்வரை திரும்பவே இல்லை. இனி பந்தைத் தொடக்கூடாது என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். அந்த லீவில்தான் தாத்தா சொன்ன ஆளைப் பற்றித் தேடிப் படித்தேன். பலவீனமான காலுக்கென்றே ஒரு போட்டி வைத்த மனிதர். தூக்கம் வராததன் காரணம் இதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பொட்டலில் பசங்களைக் கூப்பிட்டு இடது கால் மேட்ச் வைத்தேன். ஐயோ, அந்தக் கூத்தை என்ன சொல்ல! ஒருத்தன் உதைத்த பந்து அவன் பின்னாலேயே போனது. இன்னொருத்தன் காற்றை உதைத்து உட்கார்ந்துவிட்டான். மலை சுற்ற வந்த இரண்டு பெரியவர்கள் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். இரண்டு மணி நேரத்தில் ஒரு கோல்கூட விழவில்லை. நாலு வாரம் ஆனது ஒரு உருப்படியான பாஸ் போக. மூன்று மாதத்தில் பந்து சொன்ன இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போக ஆரம்பித்தது.

இந்த வருஷப் போட்டியில் நாம் கோப்பை வாங்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அரையிறுதியில் பெனால்டியில் தோற்றோம். ஆனால் அந்த ஆட்டத்தில் நம் ஒரே கோல் என் இடது காலில் வந்தது. வேலைக்குப் போய்விட்ட கேப்டன் அண்ணனுக்கு அன்று ராத்திரி போன் செய்தேன். எந்தக் காலுடா என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரித்தார்.

தோழர்களே, நம் எல்லோருக்கும் ஒரு இடது கால் இருக்கிறது. ஒருத்தனுக்கு இங்கிலீஷ், ஒருத்தனுக்குக் கணக்கு, ஒருத்தனுக்கு இன்ஜினியரிங் டிராயிங், ஒருத்தனுக்கு நேர்முகத் தேர்வில் வாய் திறப்பது. நாம் என்ன செய்கிறோம்? பந்து அந்தப் பக்கம் வந்தால் வலது காலுக்கு மாற்றப் பார்க்கிறோம். அரியரை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளுகிறோம். ரஹீம் சாஹிப் அந்தக் காலைத்தான் முதலில் களத்தில் இறக்கினார். அவர் வாங்கிய தங்கத்தைவிட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

கடைசியாக மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விளையாட்டு விழாவில் ஸ்லோ சைக்கிள் ரேசுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லாப் பிரிவும் அணி அனுப்பட்டும். மான்செஸ்டர் கோஷ்டியும் ஆர்சனல் கோஷ்டியும் கட்டாயம் வர வேண்டும். இடது கால் மட்டும்தான் அனுமதி. இடது கால்காரனுக்கு வலது கால். கோப்பைக்குச் செலவு வேண்டாம், லேத்தில் நாங்களே ஒன்று கடைந்து தருகிறோம். அதில் ஒரு வாத்தியாரின் பெயரைப் பொறிக்கலாம்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்,
அடி அண்ணாமலை.